தேவனாம்பட்டினம் கோட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவன். வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்தால் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போவது வழக்கம். போகிற வழியில், ஆற்றுப் பக்கமாகக் கையைக் காட்டி "அங்கேதான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது" என்பேன். உடனே கேள்விகள் ஆரம்பித்துவிடும். பல வருடங்களாகக் கேட்டதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கோட்டை சரியாக எங்கே இருந்தது?

கடலூரில் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில். இதற்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டினால் கடலூர் முதுநகர் என்கிற பழைய ஊர். நாம் இன்னமும் 'ஓ.டி.' (ஓல்டு டவுன்) என்றுதான் சொல்கிறோம். மேற்கே மஞ்சக்குப்பம். வடக்கே தென்பெண்ணை. அதையும் தாண்டி இருபது கிலோமீட்டர் போனால் புதுச்சேரி.

அந்த இருபது கிலோமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டைக்கு நேர்ந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

இதை ஆங்கிலேயர்கள்தான் கட்டினார்களா?

இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே இங்கே சின்னதாக ஒரு கோட்டை இருந்தது. அதைக் கட்டியவர் உள்நாட்டு வணிகர் ஒருவர். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபோது இந்தக் கோட்டையும் மராட்டியர் கைக்குப் போனது. ஆங்கிலேயக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதை 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. வாங்கிய பிறகுதான் சுவரை உயர்த்தி, நான்கு மூலையிலும் கொத்தளம் வைத்து, அகழி வெட்டி, வெளிக்காப்புகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள்.

ஐரோப்பியர் என்று பார்த்தாலும் முதலில் வந்தவர்கள் ஆங்கிலேயர்கள் அல்ல. 1600களின் முதல் பத்தாண்டிலேயே செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் வியாபாரம் தொடங்கிவிட்டார்கள். பழைய ஐரோப்பிய ஏடுகளில் 'தேக்னபட்டம்' என்று வருவது நம் தேவனாம்பட்டினம்தான். அவர்கள் நாக்கில் பட்ட பாடு அது.

பீரங்கி சுட்டு ஊர் வாங்கினார்கள் என்பது நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம். நான் ஆசையோடு சொல்கிற பதில் இதுதான்.

1690இல் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்தார். ஔரங்கசீப்பின் படை அவரைத் துரத்திக்கொண்டு தெற்கே வந்துகொண்டிருந்தது. முற்றுகை வரப்போகிறது, படைக்குப் பணம் வேண்டும். சென்னையில் கும்பினியின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அவருக்குப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தெற்கே ஒரு பலமான இடம் வேண்டும். இரண்டு தேவையும் பொருந்தியதால் பேரம் படிந்தது.

விற்ற பத்திரத்தில் கோட்டையோடு இன்னொன்றும் இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அந்தத் தூரத்துக்குள் இருக்கும் ஊர்கள் எல்லாமே வாங்கியவர்களுக்கு. நிலத்தை அளக்கக் கோலும் சங்கிலியும் பிடிப்பதுதானே வழக்கம், இங்கே குண்டு அளந்தது. ஆங்கிலேயர்களும் விடவில்லை, இருப்பதிலேயே தூரம் சுடக்கூடிய பீரங்கியைச் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். 1690 செப்டம்பர் 23 அன்று சுட்டார்கள். மஞ்சக்குப்பம், பழைய கடலூர் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. அதற்கப்புறம் அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் விழுந்தது.

அன்றைக்கு வீட்டில் நெய்துகொண்டோ வலை பின்னிக்கொண்டோ இருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். தூரத்தில் ஒரு சத்தம், வயலில் ஒரு குண்டு. அவ்வளவுதான், வரி கட்ட வேண்டிய இடம் மாறிவிட்டது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அதிலிருந்து வந்தவையா?

அப்படித்தான் ஊரில் சொல்வார்கள், எனக்கும் அது பொருத்தமாகவே தெரிகிறது. கடலூரில் இருந்துகொண்டு தினமும் 'குண்டு சாலை' என்று சொல்கிற நம்மில் பலர் அது எந்தக் குண்டு என்று யோசித்ததே இல்லை. சாலையில் மேடுபள்ளம் அதிகம் என்பதால் வந்த பெயர் என்று எனக்கே ஒரு பையன் விளக்கம் சொன்னான்!

'செயின்ட் டேவிட்' யார்?

வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். யேல் குடும்பத்துக்குப் பூர்வீகம் வேல்ஸ். ஆனால் இன்னொரு காரணமும் சொல்லப்படுவதுண்டு. யேலுக்கு டேவிட் என்று ஒரு மகன் இருந்தான். 1688இல் சென்னையில் சிறு பிள்ளையாகவே இறந்துபோனான். அவன் சமாதி எழும்பியது சென்னையில் பழைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் இடத்தில். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டே வருடத்தில் வாங்கிய கோட்டைக்கு டேவிட் என்று பெயர் வைக்கும்போது, தகப்பன் மனதில் புனிதர் மட்டும்தான் இருந்திருப்பாரா?

அமெரிக்காவில் உள்ள யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரால்தான் வழங்குகிறது. 1718இல் அந்தக் கல்லூரிக்கு இவர் அனுப்பிய நன்கொடையில் புத்தகங்களோடு, விற்றுக் காசாக்கிக்கொள்ளச் சரக்கு மூட்டைகளும் இருந்தன.

இந்தச் சின்ன ஊர் மேல் ஏன் இத்தனை பேருக்கு ஆசை?

துணி. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஜாவா, மலுக்கு பக்கத்துத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க வேண்டும் என்றால் சோழமண்டலக் கரைத் துணி வேண்டும். அங்கேயுள்ள ஜனங்கள் பண்டமாற்றுக்கு அதைத்தான் கேட்டார்கள். அதனால் முதலில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் ஐரோப்பாவிலேயே நம் துணிக்கு மவுசு வந்தது. கடலூரைச் சுற்றி நெசவாளர்கள் நிறைய. நெய்ததை வெளுக்கவும் சாயம் போடவும் ஆற்றுத் தண்ணீர். ஏற்றி அனுப்பக் கடல். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன.

துறைமுகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கப்பல்கள் தள்ளி ஆழத்தில் நங்கூரம் போடும். அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கொண்டுபோய்ச் சேர்க்கச் சலங்கும் கட்டுமரமும்தான். சலங்கு என்பது ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு, அலை அடித்தால் வளைந்துகொடுக்கும். இதை ஓட்டத் தெரிந்தவர்கள் நம் மீனவர்கள் மட்டுமே. கிளைவோ கவர்னரோ, யாராக இருந்தாலும் இந்தக் கரையில் கால் வைக்க இவர்கள் தோள் வேண்டும்.

சென்னைக்குப் பதிலாகக் கடலூர் தலைநகராக இருந்ததா?

ஆமாம், 1746 முதல் 1752 வரை. தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சி முழுவதும் இந்தக் கோட்டையிலிருந்துதான் நடந்தது.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே கடல்வழியாக வந்து சென்னையைப் பிடித்தார். ஆங்கிலேயர்களுக்கு இந்தக் கரையில் மிச்சம் இருந்த பெரிய பிடிப்பு தேவனாம்பட்டினம் மட்டும். அதையும் பறித்துவிட்டால் முடிந்தது கதை என்று புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கணக்குப் போட்டார். கணக்கு சரிதான், காரியம்தான் நடக்கவில்லை.

அந்த வருடம் டிசம்பரில் பிரெஞ்சுப் படை தென்பெண்ணையைத் தாண்டி வந்து மஞ்சக்குப்பத்தில் இருந்த கவர்னரின் தோட்ட வீட்டைப் பிடித்தது. பிடித்த கையோடு, சண்டை முடிந்தது என்று களைப்பாறப் போய்விட்டார்கள். ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் மகன்கள் குதிரைப் படையோடு வந்து இறங்கியதும் போட்டது போட்டபடி ஓட வேண்டியதாயிற்று. அடுத்த மார்ச்சில் நவாபோடு சமாதானம் பேசிவிட்டு மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை சரியான நேரத்தில் ஆங்கிலேயக் கப்பற்படை வந்து நின்றது. திரும்பிப் போனார்கள்.

1748 ஜூனில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அந்த ஜனவரியில்தான் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற மேஜர் இங்கே வந்து படைப் பொறுப்பை எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் இரவில் கடலூரைத் தாக்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தகவல் வந்தது. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கும்படி, கடலூரில் இருந்த பீரங்கிகளையும் ஆட்களையும் கோட்டைக்கு மாற்றினார். ஊர் காலி என்ற செய்தி எதிரிக்குப் போகட்டும் என்றுதான். இருட்டியதும் அத்தனையையும் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். நள்ளிரவில் ஏணியோடு வந்தவர்களை மதில் மேலிருந்து குண்டுமழை வரவேற்றது. ஓட்டம் புதுச்சேரியில்தான் நின்றது.

லாரன்ஸ் இங்கே உட்கார்ந்துதான் சிப்பாய்களுக்கு ஒழுங்கான பயிற்சி கொடுத்தார். பின்னாளில் வளர்ந்த சென்னைப் படைக்கு விதை போட்ட இடங்களில் இது முக்கியமானது. அந்த முதல் சிப்பாய்களின் பெயர்கள் யாருக்கும் நினைவில் இல்லை, லாரன்ஸ் பெயர் மட்டும் நிற்கிறது.

இதையெல்லாம் மறுபக்கத்திலிருந்து பார்த்து எழுதிய தமிழர் ஒருவர் இருந்தார் என்பது நமக்குப் பெரிய பாக்கியம். டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். தேவனாம்பட்டினம், கூடலூர் (கடலூரின் பழைய பெயர்) என்ற பெயர்கள் அதில் திரும்பத் திரும்ப வரும். ஜெயித்தவர்கள் எழுதிய சரித்திரத்தை மட்டும் படித்தவர்களுக்கு அது வேறொரு உலகம்.

கிளைவுக்கும் இந்தக் கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. சென்னை விழுந்தபோது அவர் அங்கே குமாஸ்தா. மாறுவேடம் போட்டுத் தப்பி வந்து சேர்ந்தது இங்கே. 1747இல் பேனாவை வைத்துவிட்டு ராணுவ அதிகாரியானதும் இங்கே. 1751இல் ஆற்காட்டுக்குப் படை கொண்டுபோகும் யோசனைக்குக் கவர்னர் சாண்டர்ஸ் சம்மதம் கொடுத்தது இந்தக் கோட்டையில் இருந்து. பிறகு 1756இல் துணை ஆளுநராகத் திரும்பி வந்தார். வந்த கொஞ்ச நாளில் கல்கத்தா விழுந்த செய்தி வர, வங்காளம் போனார். அங்கேதான் 1757இல் பிளாசிப் போரில் ஜெயித்தார்.

எல்லோரும் கிளைவைப் பற்றியே கேட்பதால் இன்னொருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெஞ்சமின் ராபின்ஸ், கணித அறிஞர். பீரங்கிக் குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது, காற்று அதை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சோதனை செய்து அளந்து காட்டியவர். அவர் ஆய்வைக் கணித மேதை ஆய்லர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். கும்பினி இவரைக் கோட்டைகளைப் பலப்படுத்தும் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750இல் வந்தவர், அடுத்த வருடம் ஜூலை 29 அன்று இதே கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். குண்டு விழும் தூரத்தால் எல்லை வகுத்த ஊரில், குண்டு விழும் தூரத்தைக் கணக்கிட்டுச் சொன்ன மனிதர் கண்மூடியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வது இது.

கடலில் ஒரு பெரிய கப்பல் மூழ்கியதாகச் சொல்கிறார்களே?

1749 ஏப்ரலில் அடித்த புயலில். 'நேமூர்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் இந்தக் கரைக்கு அருகில் மூழ்கி, 500 பேருக்கு மேல் இறந்தார்கள். அட்மிரல் பாஸ்கவன் அப்போது கரையில் இருந்ததால் தப்பினார். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த நமக்கு இந்தக் கடலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் கோட்டையை இடித்தது யார்?

பிரெஞ்சுக்காரர்கள், 1758இல். உத்தரவிட்டவர் லாலி.

அயர்லாந்து வம்சாவளியில் வந்த இந்தத் தளபதி ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியில் கப்பலை விட்டு இறங்கினார். இறங்கிய அன்றே கடலூருக்குப் படையைக் கிளப்பிவிட்டார். வழி தெரிந்த ஆள் இல்லை, சோறு இல்லை, சாமான் சுமக்க மாடு இல்லை. ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்தவர்கள் சொன்னாலும் கேட்கமாட்டார். மாடு கிடைக்காத கோபத்தில் புதுச்சேரி ஜனங்களை, இன்னார் இன்ன சாதி, இன்ன தொழில் என்று எதுவும் பார்க்காமல் பிடித்துவந்து மூட்டை தூக்கவும் வண்டி இழுக்கவும் வைத்தார். புதுச்சேரி ஜனங்களே லாலியை வெறுக்க ஆரம்பித்தது அப்போதுதான். புதுச்சேரிக்குத் தோல்வி தொடங்கிய நாள் எது என்று கேட்டால், பின்னால் வந்தவாசியில் தோற்ற நாள் அல்ல, இந்த நாள்தான் என்பேன்.

ஆனால் அந்தச் சண்டையில் ஜெயித்தார். கடலூர் மே முதல் வாரத்தில் விழுந்தது. கோட்டை ஜூன் 2 அன்று சரணடைந்தது. டூப்ளே வருடக்கணக்கில் ஆசைப்பட்டது ஒரே மாதத்தில் முடிந்தது. லாலி கோட்டையை வைத்துக்கொள்ள நினைக்கவில்லை. மதில்களை வெடிவைத்துத் தகர்த்தார், உள்ளே இருந்த நல்ல கட்டடங்களையும் விடவில்லை.

கடலூரில் பதினெட்டு வருடம் வேலை செய்த சுவீடன் நாட்டு மிஷனரி கீர்னாண்டர் இந்தக் கலவரத்தில்தான் ஊரை விட்டுக் கல்கத்தாவுக்குப் போனார், திரும்பவே இல்லை.

1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. ஆங்கிலேயர்கள் பதிலுக்குப் பதில் என்று அந்த நகரத்தின் கோட்டையையும் வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்கு நாம் புதுச்சேரியில் போட்டோ எடுத்துக்கொள்ளும் வெள்ளை நகரம் அதற்கப்புறம் எழுப்பியது. லாலியை அவர் நாட்டுக்காரர்களே 1766இல் பாரிஸில் தலையை வெட்டிக் கொன்றார்கள்.

1783இல் இங்கே நடந்தது என்ன?

அது கோட்டைச் சண்டை இல்லை, கடலூர் நகரத்துக்காக நடந்தது. 1782இல் ஹைதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்திருந்தார்கள். அடுத்த ஜூனில் ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட் முற்றுகை போட்டார். உள்ளே இருந்தவர் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஜூன் 13 அன்று வண்டிப்பாளையம் மேட்டுப் பக்கம் நடந்த சண்டையில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயக் கப்பற்படைத் தளபதி ஹ்யூஸும் மோதினார்கள்.

இதில் நெஞ்சை அடைக்கிற விஷயம் என்னவென்றால், இரண்டு நாடுகளும் அந்த ஜனவரியிலேயே ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன. அந்தச் செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர்வதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. வண்டிப்பாளையத்தில் விழுந்தவர்கள் முடிந்துபோன யுத்தத்தில் செத்தவர்கள். 1785இல் கடலூர் ஆங்கிலேயர் கைக்கே திரும்பியது.

கோட்டையிலிருந்து புதுச்சேரிக்குச் சுரங்கப்பாதை உண்டா?

இல்லை. நடுவில் தென்பெண்ணையும் வேறு ஆறுகளும் இருக்கின்றன. இந்தக் கரையில் பத்தடி தோண்டினால் தண்ணீர் ஊறும், மணல் சரியும். அப்புறம், ஜென்ம விரோதிகளாக இருந்த இரண்டு கோட்டைகளுக்கு நடுவே சுரங்கம் எதற்கு? கோட்டையைச் சுற்றி எதிரியைத் தகர்க்க வெடி வைக்கும் குழிவழிகள் தோண்டியிருந்தார்கள். அந்த நினைவுதான் வாய்வழியாக இருபது கிலோமீட்டர் நீண்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு புத்தகத்திலும் தேதி மாறி மாறி வருகிறதே?

1752 வரை ஆங்கிலேயர்கள் பழைய நாள்காட்டி வைத்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் புதியது. 11 நாள் வித்தியாசம். சென்னை சரணடைந்தது ஒரு பக்கம் செப்டம்பர் 10, இன்னொரு பக்கம் 21. இரண்டும் ஒரே நாள்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

பெரிய மதில்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆற்றோரமாகச் செடிகொடிக்குள் இடிந்த சுவர்த் துண்டுகள், பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை, அவ்வளவுதான். செஞ்சி மாதிரி ஏறிப் பார்க்க ஒன்றும் இல்லை. நுழைவதற்கு முன் பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வராதீர்கள், ஏற்கெனவே எத்தனையோ போய்விட்டது.

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ இறங்கி, ஆட்டோக்காரரிடம் சில்வர் பீச் என்று சொன்னால் போதும். காலையில் வெயில் ஏறுவதற்குள் போங்கள். முதலில் ஆற்றுப் பக்கம் இறங்கிச் சுவர்களைப் பாருங்கள், அப்புறம் கடற்கரைக்கு வந்து தெற்கே பார்த்து நில்லுங்கள். முகத்துவாரமும் அதைத் தாண்டி முதுநகர்ப் பக்கத்து மீன்பிடிப் படகுகளும் தெரியும். மேற்கே திரும்பினால் மஞ்சக்குப்பம். நேரம் இருந்தால் திரும்பும்போது குண்டு சாலை வழியாக வாருங்கள்.